குடம் எங்கே போனது? மிக்சர் வாங்கப் போன தாராவி வில்லுப்பாட்டுக் குழு

மும்பை தாராவியில் ஒரு குறுகிய சந்து. 10 அடிக்கு 12 அடி வீடு. சுவரில் ஒரு படம், படத்துக்கு மாலை. படத்தில் இருப்பவர் 40 ஆண்டுகள் வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர்.

அன்று பதினாறாம் நாள் விசேஷம். சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. “அவர் கடைசியாக அடித்த பாட்டைப் போடுங்கள்” என்று யாரோ சொன்னார்கள். அந்த ஆண்டு சித்திரைக் கொடையில் நடந்த வில்லுப்பாட்டை மைக்செட் வாலிபர் பென் டிரைவில் பதிவு செய்து வைத்திருந்தார். ஓடிப்போய் எடுத்து வந்தார். பெட்டியில் போட்டார்.

அண்ணாவியின் குரல் கணீர் என்று கேட்டது. பின்பாட்டுக்காரர்களின் “ஆமா” கேட்டது. உடுக்கை லேசாகக் கேட்டது. குடம்? அடுத்த தெருவில் யாரோ கதவைத் தட்டுவதுபோல் ஒரு மங்கலான சத்தம். அவ்வளவுதான்.

படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த அம்மாள் தலைநிமிர்ந்தார்.

“அவுக அடிச்ச சத்தம் எங்கே தம்பி?” என்று கேட்டார்.

யாரும் பதில் சொல்லவில்லை. மைக்செட் வாலிபர் பெட்டியை நிறுத்தினார்.

அந்த ஒரு கேள்விதான், கோயில் கமிட்டியைப் புதிய மிக்சர் வாங்க லேமிங்டன் ரோட்டுக்கு அனுப்பியது. வாங்கப் போனவர்கள் வழியில் கற்றுக்கொண்டவை, சபா நடத்துகிறவர்களுக்கும், மெல்லிசைக் குழு வைத்திருப்பவர்களுக்கும், கோயிலில் பஜனை நடத்துகிறவர்களுக்கும் பயன்படக் கூடியவை.

தப்பு யாருடையது?

மைக்செட் வாலிபர் வேலை தெரியாதவர் அல்ல. கல்யாணம், காதுகுத்து, பொங்கல் விழா என்று 10 ஆண்டுகளாக மைக்செட் போடுகிறவர். அன்றைக்கு 90 அடி ரோட்டுப் பக்கம் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குடம் நன்றாகவே கேட்டது. பிறகு ஏன் பதிவில் இல்லை?

காரணம் எளிது. குடம் இயற்கையிலேயே சத்தமான வாத்தியம். மட்டையால் குடத்தின் வாயில் அடித்தால், மைக் இல்லாமலே பந்தலின் கடைசி வரிசைவரை போகும். மனிதக் குரல் அப்படிப் போகாது. ஆகவே மைக்செட் போடுகிறவர் குரலுக்கு மிக்சரில் நிறையக் கொடுப்பார். குடத்துக்குக் கொஞ்சமே கொடுப்பார். பந்தலில் இருப்பவர் காதில், குடத்தின் சொந்தச் சத்தமும் ஒலிபெருக்கியில் வரும் குரலும் சேர்ந்து சரியான அளவில் விழும்.

ஆனால் பென் டிரைவுக்குக் காது கிடையாது. மிக்சருக்குள் போனது மட்டுமே அதற்குத் தெரியும். மிக்சருக்குள் போனது நிறையக் குரல், கொஞ்சம் குடம். பதிந்ததும் அதுவே.

சிறிய மண்டபங்களிலும் பந்தல்களிலும் மிக்சரிலிருந்து நேராகப் பதிவு செய்யும் எல்லோருக்கும் இது நேர்கிறது. கோயிலில் தவிலும் நாதஸ்வரமும் பதிவில் அமுங்கிப் போவதும் இதனால்தான். மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் காணாமல் போவதும் இதனால்தான்.

“அப்புறம் கம்ப்யூட்டரில் சரிசெய்ய முடியாதா?” என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். காபியில் சர்க்கரை கரைந்த பிறகு சர்க்கரையை மட்டும் எடுக்க முடியுமா? இன்று சில கம்ப்யூட்டர் புரோகிராம்கள், கலந்துபோன பாட்டிலிருந்து குரலையும் தாளத்தையும் ஓரளவுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. சினிமாப் பாட்டில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பதிவில் ஏறாத சத்தத்தை எந்தப் புரோகிராமும் கொண்டுவராது. குடம் அடித்தவரோ இனி வந்து அடிக்கப் போவதில்லை.

தடம் தடமாக

இதற்கு ஒரே வழி, ஒவ்வொரு மைக்கையும் தனித்தனித் தடத்தில் பதிவு செய்வது. குரலுக்கு ஒரு தடம், குடத்துக்கு ஒரு தடம், உடுக்கைக்கு ஒரு தடம். ரயில் யார்டில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு லைன் இருப்பதுபோல. நிகழ்ச்சி முடிந்த பிறகு வீட்டில் உட்கார்ந்து, எந்தத் தடத்தைக் கூட்டவேண்டும், எதைக் குறைக்கவேண்டும் என்று நிதானமாகத் தீர்மானிக்கலாம். இதற்குப் ‘பலதடப் பதிவு’ என்று பெயர்.

இது புதிய சங்கதி அல்ல. அமெரிக்க கிதார் கலைஞர் லெஸ் பால், ஆம்பெக்ஸ் கம்பெனியிடமிருந்து 8 தடம் கொண்ட டேப்ரிக்கார்டரை 1957-ல் பெற்றார். 1967-ல் பீட்டில்ஸ் குழுவினர் உலகத்தையே கிறங்கடித்த ‘சார்ஜெண்ட் பெப்பர்ஸ்’ இசைத்தட்டை 4 தட மெஷின்களில்தான் பதிவு செய்தார்கள். அப்போது இதெல்லாம் பெரிய ஸ்டூடியோக்களின் சொத்து. 1979-ல் ஜப்பானின் டாஸ்காம் கம்பெனி, சாதாரண கேசட்டில் 4 தடம் பதியும் பெட்டியை மிக்சருடன் சேர்த்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. வீட்டில் உட்கார்ந்து பாட்டு பதிவு செய்வது அதன்பிறகு சாதாரண ஆளுக்கும் எட்டியது.

இன்றைக்கு டேப்பும் இல்லை, கேசட்டும் இல்லை. நகம் அளவு மெமரி கார்டில் 12 தடம், 20 தடம் பதிகிறது. பந்தலுக்கு ஒலி கொடுக்கும் அதே மிக்சர், அதே நேரத்தில் தடம் தடமாகப் பதிவும் செய்கிறது. தாராவிக் குழுவுக்கு வேண்டியது இதுதான்.

முதலில் காகிதமும் பென்சிலும்

கடைக்குப் போகும் முன் அண்ணாவி வீட்டில் ஒரு கூட்டம் நடந்தது. அண்ணாவிக்கு வயது 74. தோல் பதனிடும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். நெல்லைச் சீமையிலிருந்து சின்ன வயதில் வந்தவர்.

“தம்பி, கடைக்காரன் கேக்கிறதுக்கு முந்தி நாம கணக்குப் போட்டுருவோம். யார் யாருக்கு மைக் வேணும்?” என்றார்.

மைக்செட் வாலிபர் எழுதினார்:

அண்ணாவி குரல் 1. வலம் பாடுகிறவர் 1. இடம் பாடுகிறவர் 1. அவர் கையில் உள்ள தாளமும் அதிலேயே வந்துவிடும். உடுக்கை 1. குடம் 1. வில்லில் கட்டிய மணிகளுக்கு 1. ஆக 6.

“கூட்டத்துக்கு ஒண்ணு போடு” என்றார் அண்ணாவி. “சனங்க சிரிக்கிறது, குலவை போடுறது பதியாட்டா அது என்ன வில்லுப்பாட்டு? செத்த பாட்டு.”

கூட்டத்தைப் பார்த்து ஒரு மைக். அது பதிவுக்கு மட்டும், ஒலிபெருக்கிக்குப் போகக்கூடாது. போனால் ‘கூ’ என்று ஊளையிடும். ஆக 7. கமிட்டித் தலைவர் பேசுவதற்கு ஒரு மைக். ஆக 8. தலைவர் பேசும்போது பாட்டு இல்லை. பாட்டின்போது ஏதாவது மைக் பழுதானால் அதை எடுத்துக்கொள்ளலாம். சுருதிப் பெட்டிக்கு மைக் வேண்டாம். ஒயரில் நேராகச் செருகலாம்.

அடுத்த கேள்வி: மேடையில் யார் யாருக்கு என்ன கேட்கவேண்டும்? அண்ணாவிக்குச் சுருதியும் தன் குரலும். குடம் அடிப்பவருக்கு அண்ணாவியின் குரல். ஆகவே மேடைக்குத் தனித்தனியாக இரண்டு ஒலி போகவேண்டும்.

மூன்றாவது கேள்வி: நாளைக்கு என்ன மிஞ்சவேண்டும்? 8 மைக்கும் தனித்தனித் தடமாக.

இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதிய காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மாஹிமில் ஸ்லோ லோக்கல் ஏறி, கிராண்ட் ரோடில் இறங்கினார்கள்.

16 என்றால் 16 அல்ல

கிராண்ட் ரோடு ஸ்டேஷனுக்குக் கிழக்கே லேமிங்டன் ரோடு. டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்பது சர்க்காரில் உள்ள பெயர். ரேடியோ வால்வு காலத்திலிருந்து கம்ப்யூட்டர் காலம்வரை மும்பைக்காரர்கள் எலெக்ட்ரானிக் சாமான் தேடிப் போகும் தெரு.

“கித்னா சேனல்?” என்று கேட்டார் கடைக்காரர்.

8 மைக் என்றதும் “12 சேனல் எடுத்துக்கொள்ளுங்கள், தாராளம்” என்று ஒன்றைத் தூக்கி வைத்தார். மைக்செட் வாலிபர் பெட்டியைத் திருப்பி, மைக் செருகும் மூன்று ஓட்டைச் சாக்கெட்டுகளை எண்ணினார். ஆறுதான் இருந்தது!

இதுதான் முதல் கண்ணி. பெட்டியில் எழுதியிருக்கும் சேனல் எண்ணிக்கை வேறு. மைக் செருகும் எண்ணிக்கை வேறு. கீபோர்டு, சி.டி. பிளேயர் போன்றவற்றுக்கான இரட்டைச் சாக்கெட்டுகளை இரண்டு சேனலாகக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். இது ஏமாற்று அல்ல. உலகம் முழுக்க உள்ள வழக்கம். யமஹா எம்.ஜி.16 எக்ஸ்.யு. 16 சேனல் மிக்சர், மைக் 10. எம்.ஜி.12 எக்ஸ்.யு. 12 சேனல், மைக் 6. நல்ல மிக்சர்கள்தாம். ஆனால் 12 என்ற எண்ணை நம்பி 8 மைக்கோடு மேடைக்குப் போனால் 2 மைக் வெளியே நிற்கும்.

ஆகவே பொத்தானை எண்ணவேண்டாம். மைக் சாக்கெட்டை எண்ணவேண்டும்.

யு.எஸ்.பி. என்ற மாய வார்த்தை

இரண்டாவது கண்ணி இன்னும் பெரியது.

“இதில் ரிக்கார்டிங் உண்டா?” என்று கேட்டார்கள். “ஏன் இல்லை? யு.எஸ்.பி. இருக்கிறதே!” என்றார் கடைக்காரர்.

யு.எஸ்.பி. இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதன் வழியாக எத்தனை தடம் வெளியே வருகிறது? பல மிக்சர்களில் இரண்டே தடம். எல்லா மைக்கும் கலந்து, இடது ஒன்று, வலது ஒன்று. மேலே சொன்ன யமஹா மாடல்களிலும் அப்படித்தான். பேச்சைப் பதியவும், கம்ப்யூட்டரிலிருந்து பாட்டு போடவும் அது போதும். தாராவிக் குழுவின் பழைய மிக்சரும் அந்த ரகம்தான். குடம் தொலைந்தது அங்கேதான்.

கடையில் கேட்கவேண்டிய கேள்வி இது: “ஒரே நேரத்தில் எத்தனை தடம் தனித்தனியாகப் பதியும்?” விடை எண்ணாக வரவேண்டும். “எல்லாம் பதியும்” என்ற பதிலை ஒத்துக்கொள்ளக் கூடாது.

இதோடு சேர்ந்த இன்னொரு கேள்வி: “பேடருக்கு முன்னால் பதிகிறதா, பின்னால் பதிகிறதா?” பேடர் என்பது மேலும் கீழும் தள்ளும் நீளப் பொத்தான். அதற்கு முன்னால் பதிந்தால், பந்தலுக்காகக் குடத்தின் பேடரைக் கீழே இறக்கினாலும் கார்டில் குடம் முழுசாக ஏறும். பலதட மிக்சர்கள் பலவும் இப்படித்தான் வேலை செய்கின்றன. பந்தலுக்கு ஒரு கலவை, பதிவுக்கு முழுச் சத்தம். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. அந்த அம்மாளின் கேள்விக்குப் பதில் இந்த ஒரு அமைப்பில்தான் இருக்கிறது.

அதே நேரத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பேடருக்கு முன்னால் இருப்பது ‘கெயின்’ திருகு. மைக்கிலிருந்து வரும் ஒலியை முதலில் பெரிதாக்குவது அதுதான். அதை அதிகமாகத் திருகினால் சத்தம் கிழிந்து பதியும். கிழிந்த சத்தத்தைத் தைக்க முடியாது. பாடிப் பார்க்கும்போது சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரியக்கூடாது. மேடையேறினால் எல்லோரும் ஒத்திகையைவிட உரக்கத்தான் பாடுவார்கள். அதற்கும் இடம் விடவேண்டும்.

மூன்று ஜாதி

இப்போது கிடைக்கும் பலதட மிக்சர்களை மூன்று ஜாதியாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பழைய மிக்சர் போலவே திருகும் பேடரும் உள்ளது. உள்ளுக்குள் கார்டில் பதியும் கருவியும் சேர்ந்தது. ஜூம் எல்-12, 8 மைக் கொண்டது. 12 தடத்துடன், கலந்த ஒலியை இரண்டு தடமாகச் சேர்த்து, மொத்தம் 14 தடம் கார்டில் எழுதும். ஐந்து ஹெட்போன்களுக்குத் தனித்தனி ஒலி கொடுக்கும். டாஸ்காம் மாடல் 24-ல் 16 மைக்; 24 தடம். கம்ப்யூட்டர் வேண்டாம். பழைய மிக்சரில் கைப்பழக்கம் உள்ளவருக்குப் புதிதாகக் கற்கவேண்டியது குறைவு.

இரண்டாவது, பேடரே இல்லாத பெட்டி. மேடை ஓரத்தில் வைத்துவிட்டு, கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம். சவுண்ட்கிராப்ட் யு.ஐ.24 ஆர். இந்த ரகம், மைக் செருக 20 சாக்கெட், பென் டிரைவிலேயே 22 தடம். மேடையிலிருந்து மிக்சர் வரைக்கும் தடித்த கேபிள் இழுக்கவேண்டியதில்லை. பந்தலின் எந்த மூலைக்கும் நடந்துபோய்க் கேட்டுச் சரிசெய்யலாம். கஷ்டம் எங்கே என்றால் வை-பையில். கூட்டத்தில் ஆயிரம் பேர் கையில் ஆயிரம் போன். பெட்டிக்குள் இருக்கும் சிறிய ஆண்டெனா அந்த நெரிசலில் திணறும். நடுப்பாட்டில் டேப்லெட்டுக்கும் பெட்டிக்கும் தொடர்பு அறுந்தால், ஒலி ஓடிக்கொண்டே இருக்கும், மாற்றத்தான் முடியாது. தனியாக ஒரு நல்ல ரூட்டர் வாங்கி உயரத்தில் வைப்பவர்கள் தப்பிக்கிறார்கள்.

மூன்றாவது, முழு டிஜிட்டல் மேஜை. 2012-ல் வந்த பெரிங்கர் எக்ஸ்-32 பிரசித்தம். 32 மைக். பேடர்கள் மோட்டாரில் தாமாகவே நகரும். முந்தின நிகழ்ச்சியின் அமைப்பை ஞாபகம் வைத்திருக்கும். பெரிய சபாக்களுக்கும், வாரம் ஒரு கச்சேரி செய்யும் மெல்லிசைக் குழுக்களுக்கும் இது பொருந்தும். ஆண்டுக்கு மூன்று கொடை நடத்தும் கோயிலுக்கு இது யானை. அன்றைக்கு மட்டும் வாடகைக்கு, ஆபரேட்டருடன் சேர்த்து எடுப்பது லாபம்.

“எங்களுக்கு முதல் ஜாதியே போதும்” என்று தீர்மானித்தார் மைக்செட் வாலிபர். 8 மைக், மேடைக்குத் தனித்தனி ஒலி, கார்டில் தனித்தனித் தடம். காகிதத்தில் எழுதிய மூன்றும் அதில் இருந்தன.

கடையிலேயே சோதனை

பில் போடும் முன் அவர் செய்த காரியம் மற்றவர்களும் செய்யவேண்டியது.

வீட்டிலிருந்து தன் மைக்கையும் ஹெட்போனையும் கொண்டு போயிருந்தார். ஒவ்வொரு சாக்கெட்டிலும் மைக்கைச் செருகினார். யாரும் பேசாமல் இருக்கச் சொல்லிக் கெயினைக் கூட்டினார். ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் எவ்வளவு என்று கேட்டார். ஒவ்வொரு பேடரையும் மேலும் கீழும் தள்ளி, ‘கரகர’ சத்தம் வருகிறதா என்று பார்த்தார்.

பிறகு இரண்டு மைக்கைச் செருகி, ஒன்றில் தான் பேசினார். இன்னொன்றை மேஜையில் தட்டினார். இரண்டு நிமிடம் கார்டில் பதிந்தார். கார்டைக் கடைக்காரரின் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தார். குரல் ஒரு பைலில், தட்டல் இன்னொரு பைலில் தனித்தனியாக இருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுத்தார்.

மின்சார விஷயத்தையும் விசாரித்தார். சில ரக மைக்குகளுக்கு மிக்சரே 48 வோல்ட் அனுப்பவேண்டும். இதைப் ‘பாண்டம் பவர்’ என்பார்கள். சில மிக்சரில் எல்லா மைக்குக்கும் ஒரே சுவிட்ச். சிலவற்றில் நாலு நாலாக. சிலவற்றில் மைக்குக்கு ஒன்று. பாடகர்கள் கையில் பிடிக்கும் சாதாரண மைக்குக்கு, ஒயர் ஒழுங்காக இருந்தால், இந்த 48 வோல்ட்டால் கெடுதல் இல்லை. ஆனால் ஒட்டுப்போட்ட ஒயர் விபரீதம் செய்யும். சுவிட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்துவிடவேண்டும். இல்லாவிட்டால் ‘டம்’ என்று ஒரு வெடி!

கார்டு கணக்கு

“மூணு மணி நேரம் பாடினா கார்டு தாங்குமா?” என்று கேட்டார் அண்ணாவி.

கணக்கு இதோ: நல்ல தரத்தில், அதாவது வினாடிக்கு 48,000 முறை, ஒவ்வொரு முறையும் 24 பிட் என்று பதிந்தால், ஒரு தடத்துக்கு ஒரு மணி நேரத்தில் சுமார் 518 மெகாபைட் ஆகும். 8 தடத்துக்கு மணிக்கு 4 ஜிகாபைட்டுக்குக் கொஞ்சம் கூடுதல். மூன்று மணி நேரத்துக்கு 12½ ஜிகாபைட். மிக்சர் தானாகவே சேர்த்து எழுதும் மற்ற தடங்களையும் கணக்கில் எடுத்தால் 14 தடத்துக்கு சுமார் 22 ஜிகாபைட். 32 ஜிகாபைட் கார்டு தாங்கும். ஆனால் மலிவான கார்டு வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் நடுவில் நின்றுவிடும். மிக்சர் கம்பெனி எந்தக் கார்டைச் சொல்கிறதோ அதையே வாங்கவேண்டும்.

கரண்டு போனால்? பழைய மிக்சர், கரண்டு வந்ததும் எழுந்துவிடும். உள்ளே கம்ப்யூட்டர் உள்ள மிக்சர் எழுந்து நிற்கச் சில வினாடிகள் ஆகும். அதுவரை பதிந்த பைலும் கெட்டுப்போகலாம். ஆகவே மிக்சருக்கு மட்டும் ஒரு சிறிய யு.பி.எஸ். வாங்கினார்கள். ஒலிபெருக்கி அணைந்தாலும் பதிவு பிழைக்கும்.

கையில் இருந்த பணம் முழுவதையும் மிக்சரிலேயே போட்டுவிடவில்லை. வீட்டுக்கு வீடு வசூல் செய்த பணம் அது. நல்ல ஒயர்களுக்கும், மைக் ஸ்டாண்டுகளுக்கும், குடத்துக்கு ஒரு மைக்குக்கும், மழைக் காலத்தில் ஈரம் புகாத பெட்டிக்கும் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவிட்டார்கள். ராஜா மிக்சரும் பிச்சைக்கார ஒயரும் சேர்ந்தால், கேட்பது ஒயரின் சத்தம்தான்.

10 மணிக்குள்

இந்த ஆண்டு சித்திரைக் கொடை வந்தது.

ஊரில் வில்லுப்பாட்டு விடிய விடிய நடக்கும். மும்பையில் அப்படி முடியாது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. மாநில அரசு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் சில பண்டிகைகளுக்கு மட்டும் நள்ளிரவு 12 மணி வரை சலுகை தரலாம். கொடைக்கு அந்தச் சலுகை இல்லை. மாலை 6½ மணிக்கே வில் நாணேறியது.

குடத்தின் முன் ஒரு மைக். நேர் வாயில் வைத்தால் அடிக்கும்போது காற்று ‘புஸ்’ என்று மோதும். ஒரு சாண் தள்ளி, சற்றுச் சாய்த்து வைத்தார் மைக்செட் வாலிபர். குடத்தின் பின்னால் உட்கார்ந்திருந்தவர் காலமானவரின் மகன். பகலில் கூரியர் கம்பெனியில் வேலை. தகப்பனாரின் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டே கற்றுக்கொண்டவர்.

பந்தலுக்கு, குடத்தின் பேடர் அடியோடு கீழே. அதன் சொந்தச் சத்தமே போதுமாக இருந்தது. கார்டுக்கோ முழுசாகப் போய்க்கொண்டிருந்தது. பச்சை விளக்கு ஒவ்வொரு அடிக்கும் துள்ளியது.

அண்ணாவிக்கு அன்று தொண்டை சரியில்லை. உச்ச ஸ்தாயியில் இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. ஆனாலும் கதையை விடவில்லை. 9.50-க்கு வாழி பாடி முடித்தார். 10 மணிக்கு முன்பே ஒலிபெருக்கிகள் அணைந்தன.

“இதைக் கேளுங்க அண்ணாவி”

கூட்டம் கலைந்தது. மைக்செட் வாலிபர் ஹெட்போனை அண்ணாவியின் தலையில் மாட்டினார். மற்றத் தடங்களை எல்லாம் அமுக்கிவிட்டுக் குடத்தை மட்டும் போட்டார்.

அண்ணாவி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விரல் தொடையில் தாளம் போட்டது. ஓரிடத்தில் விரல் நின்றது. மறுபடி தொடங்கியது.

ஹெட்போனைக் கழற்றியதும் குடம் அடித்த வாலிபரைக் கூப்பிட்டார்.

“ஏல, கதை திரும்புற இடத்துல ரெண்டு அடி விட்டு மூணாவது அடிக்கிறியே, அது யார் சொல்லிக் கொடுத்தது?”

“அப்பா அப்படித்தான் அடிப்பாவ.”

“ஆமா. உங்க அப்பா மாதிரி அடிக்க இந்த ஊர்ல ஆள் கிடையாது. நீ அடிச்சுட்டே” என்றார் அண்ணாவி.

மறுநாள் காலை கார்டிலிருந்து மூன்று நகல் எடுத்தார்கள். ஒன்று கோயிலில். ஒன்று மைக்செட் வாலிபரின் வீட்டில், தகரப் பெட்டிக்குள். தேதியும், பாடிய கதையின் பெயரும், எந்தத் தடத்தில் யார் என்ற விவரமும் ஒரு காகிதத்தில் எழுதிக் கூடவே வைக்கப்பட்டன. பெயர் எழுதாத பதிவு பத்து ஆண்டில் அனாதையாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

மூன்றாவது நகல், சந்துக்குள் இருக்கும் அந்த வீட்டுக்குப் போனது. அந்த அம்மாளின் புருஷன் அடித்த சத்தம் அதில் இல்லை. அது போனது போனதுதான். எந்த மிக்சராலும் திரும்பி வராது. மகன் அடித்த சத்தம் இருக்கிறது.

அம்மாள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டு முழுவதையும் கேட்டார். முடிந்ததும் மகனைப் பார்த்து, “இன்னொரு தடவை போடு” என்றார்.